பத்துச் சதங்களின் அணிவகுப்பு

கொடை இரு வகைப்படும். கொடுத்தவர் பெயர் நிலைக்கும் கொடை ஒன்று. கொடுத்தவர் பெயர் கரைந்துபோகும் கொடை மற்றொன்று. மடமும் மண்டபமும் கட்டுவித்தோரின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைத்துப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ வழங்கிய பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிடியரிசி என வழங்கிய அம்முறையின் உட்பொருள் எளிதானது. ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டிலும் எவரும் பட்டினி கிடப்பதில்லை. ஓராயிரம் பிடிகள் சேருமிடத்து ஒரு பள்ளிக்கூடம் நிலைக்கிறது. இத்தகைய கொடை விஞ்ஞான ஆய்வுக்கும் பயன்படுமா? நோயின் காரணத்தைத் தேடுதல், மருந்து காணுதல், ஊனமுற்றுப் பிறக்கும் பிள்ளையைப் பேணுதல் ஆகிய பெருங்காரியங்களைச் சில்லறைக் காசுகளால் நடத்த இயலுமா? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் ஒரு விடை உண்டு. அவ்விடை பெருமைக்குரியது, அதேவேளை சிக்கல்கள் நிறைந்தது.

1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், முப்பத்தொன்பது வயதினரான பிராங்ளின் டெலனோ ரூஸ்வெல்ட் என்ற அரசியல்வாதி இளம்பிள்ளைவாத நோய்க்கு ஆளானார். அதன் பின்னர் அவரது கால்கள் வழங்கவில்லை. செல்வக் குடும்பத்திற் பிறந்தவராதலின் சிறந்த சிகிச்சையைத் தேடிச் செல்ல அவரால் முடிந்தது. ஜோர்ஜியா மாநிலத்தின் வோர்ம் ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்து வெந்நீரூற்றுகளில் நீராடுதல் நலந்தரும் எனக் கேள்வியுற்று அங்கு சென்றார். 1926இல் அவ்விடத்தையே விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டில் அது நோயாளருக்கான ஒரு தரும நிலையமாயிற்று. ஆனால் தருமத்துக்குப் பணம் வேண்டும். 1929இல் அமெரிக்கப் பொருளாதாரம் நிலைகுலைந்தது. பெருஞ்செல்வரின் கைகள் சுருங்கின.

ரூஸ்வெல்ட் சனாதிபதியான பின்னர், 1934 ஜனவரி 30ஆம் நாள் அவரது பிறந்த நாளை முன்னிட்டு நாடெங்கும் நடன விருந்துகள் நடத்தப்பட்டன. அவற்றிலிருந்து பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணம் திரண்டது. ஆனால் ஒரு தலைவரின் பிறந்த நாளில் தங்கிய தருமம் அவரது அரசியலையும் உடன் சுமக்கும். அவரை வெறுப்போர் தருமத்தையும் வெறுப்பர். இதனையுணர்ந்தே 1938 ஜனவரியில், கட்சிச் சார்பற்ற அமைப்பாக இளம்பிள்ளைவாதத்துக்கான தேசிய மன்றம் தொடங்கப்பட்டது. ரூஸ்வெல்டுடன் சேர்ந்து சட்டத்தொழில் புரிந்த பேசில் ஓ'கொனர் அதன் தலைவரானார். 1972இல் இறக்கும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை.

அவ்வாண்டிலேயே எடி கன்ரர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலி மூலம் ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒவ்வொருவரும் ஒரு 'டைம்', அதாவது பத்துச் சத நாணயமொன்றினை, வெள்ளை மாளிகைக்கு அனுப்ப வேண்டும் என்பதே அது. அக்காலத்திற் புகழ்பெற்றிருந்த 'காலத்தின் அணிவகுப்பு' என்ற செய்திப்படத் தொடரின் பெயரைச் சிறிது திருகி, 'பத்துச் சதங்களின் அணிவகுப்பு' என்று அவர் அதற்குப் பெயரிட்டார். முதலிரு நாள்களில் வந்தவை சிலவே. பின்னர் வெள்ளை மாளிகையின் அஞ்சற் பிரிவு மூட்டைகளுள் மூழ்கியது. அரசாங்கக் கடிதங்களைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாயிற்று. இறுதியில் எண்ணப்பட்ட நாணயங்கள் 26 இலட்சத்து 80 ஆயிரம். வேலையற்றோர் மலிந்திருந்த காலம் அது. பத்துச் சதம் என்பது அக்காலத்து ஏழையொருவருக்குப் பொருட்படுத்தத்தக்க பணமாயினும், கொடுக்கவே முடியாத பணமன்று. அந்த அளவினைச் சரியாக அறிந்தமையே அவ்வியக்கத்தின் வெற்றி எனலாம்.

திரண்ட பணம் இரு வழிகளிற் செலவாயிற்று. ஊர்தோறும் அமைந்த கிளைகள் நோயாளரின் சிகிச்சைக்கும், மூச்சு வாங்க இயலாதோரைத் தாங்கிய இரும்புச் சுவாசப் பெட்டிகளுக்கும், ஊன்றுகோல்களுக்கும், கால் தாங்கிகளுக்கும் பணம் வழங்கின. தலைமையகம் ஆய்வுக்கு வழங்கியது. பராமரிப்பு இன்று வேண்டுவது. ஆய்வு நாளைக்கு உதவுவது. இவ்விரண்டுக்குமிடையே பணத்தைப் பங்கிடுதல் எந்தத் தரும அமைப்புக்கும் எளிதான காரியமன்று. படுக்கையிற் கிடக்கும் பிள்ளையின் முன்னே நின்று, 'இப்பணம் ஆய்வுகூடத்துக்குரியது' என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? ஆயினும் ஆய்வுக்குக் கொடாதுவிடின் படுக்கைகள் ஒருபோதும் வெறுமையாகா. இம்முரண்பாட்டைத் தீர்க்க முடியாது, தாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

அக்காலத்து அமெரிக்காவின் நிறவேற்றுமை இத்தருமத்தையும் விட்டுவைக்கவில்லை. கறுப்பினத்து நோயாளருக்கு வோர்ம் ஸ்பிறிங்சிற் சிகிச்சை பெற இடமிருக்கவில்லை. அதற்கெதிராகக் குரல்கள் எழுந்த பின்னரே அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கறுப்பினத்தவருக்கென ஒரு சிகிச்சை நிலையம் மன்றத்தின் பணத்தால் 1941இல் திறக்கப்பட்டது. நாணயம் கொடுத்தோரின் நிறத்தை எவரும் கேட்கவில்லை. சிகிச்சை கேட்டோரின் நிறம் கேட்கப்பட்டது. பொதுமக்களின் பணம் என்பதனாலேயே ஒரு நிதி பொதுநீதி உடையதாகிவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

1950 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரிலே தாய்மார் வீடுவீடாகச் சென்று பணந்திரட்டினர். கொடுக்க விரும்புவோர் தம் வீட்டு வாயில் விளக்கினை ஏற்றி வைக்குமாறு வேண்டப்பட்டனர். விளக்கெரிந்த வீடுகளுக்கே அவர்கள் சென்றனர். கேட்பவருக்குக் கூச்சமில்லை, கொடாதவருக்கு அவமானமில்லை. இம்முறை விரைவில் நாடெங்கும் பரவியது. 1952இல் அந்நாட்டில் ஏறத்தாழ 58,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். அச்சம் பெருகப் பெருக நிதியும் பெருகியது. ஆனால் ஓர் உண்மை குறிப்பிடத்தக்கது. அந்த ஆண்டுகளிற்கூட இளம்பிள்ளைவாதத்தால் இறந்த பிள்ளைகளிலும் விபத்துகளால் இறந்த பிள்ளைகளின் தொகையே பெரிது. மக்கள் தம் அச்சத்தின் அளவுக்கே கொடுக்கின்றனர். நோயின் அளவுக்கு அல்ல. கால்தாங்கி பூண்ட குழந்தையின் படத்தைச் சுவரொட்டியிற் கண்ட எவரும் பின்னர் அதனை மறந்திலர். அச்சமும் இரக்கமும் பணத்தைத் திரட்டவல்ல ஆற்றல்கள். எனினும் எங்கு தேவை மிகுதி என்பதை அவை அறியா.

ஆய்வுக்கு வழங்கிய பணம் வீண்போகவில்லை. 1949இல் ஜோன் எண்டர்சும் அவர்தம் துணைவர் இருவரும் நோய்க்கிருமியை நரம்பல்லாத இழையங்களில் வளர்த்துக் காட்டினர். 1954இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். அவ்வழியைப் பின்பற்றியே ஜோனாஸ் சோல்க் தடுப்பு மருந்தினை ஆக்கினார். 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் பிள்ளைகள் அதன் பரிசோதனையிற் பங்குகொண்டனர். ரூஸ்வெல்ட் இறந்த பத்தாவது ஆண்டு நிறைவு நாளாகிய 1955 ஏப்பிரல் 12ஆம் நாள் அம்மருந்து பயன்தருவது என அறிவிக்கப்பட்டது. சில நாள்களுள்ளேயே ஒரு மருந்தாக்கும் நிறுவனத்தின் தயாரிப்பில் உயிருள்ள கிருமி எஞ்சியிருந்தமை வெளிப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் கைகால் வழங்காதவராயினர். 10 பேர் மாண்டனர். அதன் பின்னர் அரசாங்கத்தின் கண்காணிப்பு இறுக்கமாயிற்று. வாய்வழிக் கொடுக்கும் மருந்தினைக் கண்ட அல்பேர்ட் சேபினின் ஆய்வுக்கும் அதே நாணயங்கள் உதவியிருந்தன. இலங்கைப் பிள்ளைகளுக்கு 1962 முதல் வழங்கப்பட்டது அவ்வாய்மருந்தே. 1993க்குப் பின்னர் இத்தீவில் அந்நோய் பதிவாகவில்லை.

விஞ்ஞானத்திற் கொடையின் பயன் கொடுத்தவர் கருதிய எல்லையுள் நிற்பதில்லை. ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிறிக்கும் 1953இல் மரபுப் பொருளின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளிப்படுத்திய வேளை, வாட்சனைத் தாங்கிய புலமைப்பரிசில் இம்மன்றத்தினுடையது. முடமான பிள்ளைக்கெனக் கொடுத்த பத்துச் சதம் உயிரியலின் அடிப்படையையே மாற்றிய கண்டுபிடிப்புக்கு உதவும் எனக் கொடுத்தவருள் எவர் எண்ணியிருப்பர்?

தடுப்பு மருந்து வெற்றிபெற்றதும் மன்றத்துக்கு வேறொரு வகை இடர் தோன்றியது. நோக்கம் நிறைவேறிய சங்கம் என்ன செய்தல் வேண்டும்? கதவைச் சாத்திக் கணக்கை முடித்தல் ஒரு வழி. மூவாயிரமளவு கிளைகளும், பணந்திரட்டப் பயின்ற எண்ணற்ற தொண்டர்களும், மக்களின் நம்பிக்கையும் இருக்க, வேறொரு பணியை மேற்கொள்ளுதல் மற்றொரு வழி. சங்கங்கள் தம் தேவை தீர்ந்த பின்னும் தாம் வாழ்வதற்காகவே வாழும் இயல்பினவென்று பழித்தோர் அன்றும் இருந்தனர். அப்பழிப்பில் உண்மை இல்லாமலில்லை. 1958இல் மன்றம் இரண்டாம் வழியைத் தெரிந்தது. பிறவிக் குறைபாடுகளே அதன் புதிய பணியின் மையமாயின.

இத்தெரிவு துணிவுடையது. இளம்பிள்ளைவாதம் ஒரே பகை. அதற்கு ஒரு கிருமி, ஒரு தடுப்பு. பிறவிக் குறைபாடு என்பதோ ஒரு நோயன்று. எண்ணற்ற நிலைகளுக்கிட்ட பொதுப்பெயர். இருதயச் சுவரிலே துவாரம், பிளந்த உதடு, மூடாத முள்ளந்தண்டு, நிறமூர்த்தங்களின் மிகை எனப் பல அதனுள் அடங்கும். அமெரிக்காவிற் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 33இல் ஒன்றுக்கு ஏதேனுமொரு பிறவிக் குறைபாடு உண்டென அந்நாட்டுச் சுகாதாரத் துறை கூறுகின்றது. காரணங்களுட் சில மரபுவழி வருவன. சில தாயுற்ற நோயால் வருவன. சில மருந்தாலும் மதுவாலும் வருவன. பலவற்றின் காரணம் இன்றும் விளங்கவில்லை. அன்றியும், அக்காலத்திற் குறையுடன் பிறந்த பிள்ளையைப் பற்றிக் குடும்பத்தார் வெளியிற் பேசுவதில்லை. முன்வினைப் பயன் என்றோ, தாயின் குற்றம் என்றோ, பரம்பரைக் களங்கம் என்றோ அது மறைக்கப்பட்டது. மறைக்கப்படுவதற்காக வாயிலில் விளக்கேற்றுவோர் யார்?

அம்மறைப்பினை நீக்க உழைத்தவருள் முதன்மையானவர் வைத்தியர் வேர்ஜினியா அப்கார். 1909இற் பிறந்த இவர் சத்திரசிகிச்சை பயின்றவர். பெண்ணொருவர் அத்துறையிற் பிழைத்தல் அரிதென ஆசிரியரொருவர் கூற, மயக்கமருந்தியலுக்கு மாறினார். 1949இற் கொலம்பியாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதற் பெண் முழுப் பேராசிரியரானார். பிரசவ அறையில் எல்லாரும் தாயையே நோக்கியிருக்கக் குழந்தையை நோக்குவார் இல்லாமையை அவர் கண்டார். பிறந்து ஒரு நிமிடத்தில் குழந்தையின் நாடித் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டலுக்குத் துலங்கல், நிறம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனி இரண்டு வரை புள்ளியிட்டுக் கூட்டும் முறையை வகுத்தார். 1953இல் வெளியிடப்பட்ட அம்முறை இன்று உலகெங்குமுள்ள மகப்பேற்று விடுதிகளிற் பயன்படுகின்றது. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. வேண்டுவது ஒரு மணிக்கூடும் கருத்தான கண்ணுமே.

1959இல் அப்கார் மன்றத்தின் பிறவிக் குறைபாட்டுப் பிரிவுக்குத் தலைவரானார். ஊரூராகச் சென்று பெற்றோரிடமும் தொண்டரிடமும் பேசினார். பிறவிக் குறைபாடு வெட்கத்துக்குரியதன்று, ஆராய்தற்குரியது என்பதே அவர் பேச்சின் சாரம். 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஜேர்மன் சின்னமுத்து அமெரிக்காவிற் பெருவாரியாகப் பரவியது. கருவுற்ற தாய்மாரை அது தொற்றியதனால் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் செவிட்டுத் தன்மை, கண்புரை, இருதயக் குறைபாடு முதலியவற்றுடன் பிறந்தன. அந்நோய்க்கும் கண்புரைக்குமுள்ள தொடர்பை அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக் 1941லேயே கண்டறிந்திருந்தார். 1969இல் தடுப்பு மருந்து வந்தது; அதனைப் பிள்ளைகளுக்கு இடுவிக்க அப்கார் அயராது வாதிட்டார். இலங்கையில் அத்தடுப்பூசி 1996இல் அறிமுகமாயிற்று. 2020இல் இந்நாடு அந்நோயை ஒழித்தமையை உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. அப்கார் 1974இல் மறைந்தார்.

பணந்திரட்டும் முறையும் மாறியது. 1970இல் ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவிலும் ஒகையோ மாநிலத்தின் கொலம்பசிலும் நடைப்பவனி தொடங்கப்பட்டது. நடப்பவர் உற்றாரிடமும் அயலாரிடமும் தாம் நடக்கும் தூரத்துக்கேற்பப் பணவுறுதி பெறுவர். நாணயத்தின் அணிவகுப்பு மனிதரின் அணிவகுப்பாயிற்று. தாமே நடப்பதனால் நோயுற்ற பிள்ளையின் பெற்றோர் இரக்கப்படுவோர் நிலையினின்றும் இயக்குவோர் நிலைக்கு உயர்ந்தனர். குழந்தையை இழந்தோர் அதன் பெயர் தாங்கிய சட்டை அணிந்து நடக்கின்றனர். ஒருவரையொருவர் முன்பின் அறியாத பெற்றோர் அங்கே தம் துயரம் தமக்கு மட்டும் உரியதன்று என அறிகின்றனர். திரண்ட பணத்தின் கணக்கில் அந்த ஆறுதல் பதியப்படுவதில்லை.

நிதியால் மட்டும் முடியாதவை உண்டு என்பதைப் போலிக் அமிலத்தின் வரலாறு காட்டும். கருவுற்று ஏறத்தாழ 28 நாள்களுள் சிசுவின் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும். அது செவ்வனே மூடாதொழியின் முள்ளந்தண்டு பிளவுபடும். அல்லது மூளை வளராதுபோம். பல பெண்கள் தாம் கருவுற்றதை அறியுமுன்னரே அந்நாள்கள் கடந்துவிடுகின்றன. முன்னர் அத்தகைய பிள்ளையைப் பெற்ற தாய்மார், மீண்டும் கருவுறுமுன் போலிக் அமிலம் உட்கொள்ளத் தொடங்கின் அக்குறை மீள்வது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைகின்றது என்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் பரிசோதனை 1991இல் நிறுவியது. மாத்திரையைத் தேடி உண்போர் சிலர். ரொட்டி உண்போர் எல்லாரும். எனவே மாவிலேயே அதனைக் கலத்தல் வேண்டுமென மன்றம் முதலியன வாதாடின. 1998 ஜனவரி முதல் அமெரிக்காவில் அது சட்டக் கட்டாயமாயிற்று. அக்குறைபாடுகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. நாணயம் ஆய்வுக்கு வழிதிறந்தது. ஆய்வு சான்று தந்தது. சான்றினை ஒவ்வொரு வீட்டு உணவுத் தட்டுக்கும் கொண்டு சேர்த்ததோ அரசின் சட்டம். தருமம் அரசுக்கு ஈடாகாது. அரசைத் தட்டியெழுப்ப அது உதவும்.

இவ்வியக்கத்தின்மீது எழுந்த கண்டனங்களையும் விட்டுச் செல்லுதல் நேர்மையாகாது. கருவிலுள்ள சிசுவின் குறைபாட்டை முன்னறியும் சோதனைகளுக்கு மன்றம் உதவியபோது, அது கருச்சிதைவுக்கு வழிசெய்யும் எனக் கருச்சிதைவை எதிர்ப்போர் கண்டித்தனர். ஊனமுற்றோர் உரிமைக்குப் போராடியவர்கள் வேறொரு கேள்வியை எழுப்பினர். பிறவிக் குறைபாட்டைத் தடுப்போம் என ஓயாது முழங்குமிடத்து, அக்குறைபாட்டுடன் ஏற்கனவே வாழ்பவர் காதில் அது எவ்வாறு ஒலிக்கும்? நீ பிறவாதிருந்தால் நன்று என்றல்லவா? சுவரொட்டியிற் புன்னகைக்கும் பிள்ளை வளர்ந்து வேலை தேடும்போது அதே சமூகம் கதவடைக்குமாயின், அப்புன்னகையால் அப்பிள்ளை பெற்றது யாது? இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த எட் றொபேட்ஸ் 1962இற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்துட் புகுந்தார். பின்னர் சுயாதீன வாழ்வு இயக்கத்துக்கு வித்திட்டார். அவரும் அவரையொத்தோரும் வேண்டியது இரக்கமன்று. சாய்தளமும் படிப்பும் தொழிலும் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் உரிமையுமே.

இக்கண்டனங்கள் தருமத்தைப் பொய்யாக்குவன அல்ல; அதனை முழுமையாக்குவன. குறைபாட்டைத் தடுத்தல் வேறு, குறைபாடுடையோரை மறுத்தல் வேறு. சின்னமுத்தினாற் செவிப்புலன் இழந்த பிள்ளைக்குத் தடுப்பூசி பயன்படாது. அப்பிள்ளைக்கு வேண்டியது மொழியும் பள்ளிக்கூடமும். இன்னும் பிறவாத பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுக்கும் நிதியம் பாதிப் பணியே செய்கின்றது.

இலங்கையிலும் இவ்வினாக்கள் அந்நியமானவையல்ல. கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலே, இருதயக் குறைபாட்டுடன் பிறக்கும் பிள்ளைகளின் சிகிச்சைக்கான கட்டடத் தொகுதிக்கென, 2010களின் பிற்பகுதியில் 'லிட்டில் ஹார்ட்ஸ்' என்ற பெயரிற் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. இலவச வைத்தியம் வழங்கும் நாட்டில் மக்கள் ஏன் மீண்டும் கொடுத்தல் வேண்டும் எனக் கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் குழந்தையின் இருதயம் நியாயம் தீர்க்கப்படும்வரை பொறுத்திராது. கொடுத்தலும் வேண்டும், கொடுத்த பின் அரசினைக் கேட்டலும் வேண்டும். கொடுத்தவனுக்கே கேட்கும் உரிமை மிகுதி.

பராமரிப்புக்குக் கொடுப்பவர் தம் கொடையின் பயனைக் கண்ணாற் காண்பர். நலமடைந்த பிள்ளையின் தாய் அவரை நன்றியுடன் நோக்குவாள். தடுப்புக்கும் ஆய்வுக்கும் கொடுப்பவருக்கு அப்பேறு இல்லை. நேராகிய முள்ளந்தண்டுடன் பிறந்து ஓடித்திரியும் பிள்ளை, தான் எதிலிருந்து தப்பியது என்பதை அறியாது. அதன் தாயும் அறியாள். கொடுத்தவர் அறியார், பெற்றவரும் அறியார். நன்றிக்கு இடமே இல்லாத இக்கொடைக்கு மனிதரைப் பழக்குதல் கடினம். ஆயினும் 1938இல் அஞ்சலிற் போடப்பட்ட பத்துச் சதங்கள் அது இயலாததன்று என்பதை மெய்ப்பித்துள்ளன.